புள்ளி வைத்த அட்டைகள்

அத்தியாயம் 14

போன வாரம் குட்டி மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து, அண்ணியின் இரும்புப் பெட்டியில் இருந்த நூற்று நாற்பது வாடிக்கையாளர் அட்டைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தாள். இனிமேல் பெட்டியைத் தூக்கிப் பரணில் போடலாம் என்றாள். அண்ணி பெட்டியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். "அண்ணிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டு எழுதிய வாசகிகள் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. அண்ணியின் தொழில் முடி எடுப்பது. பெண்களுக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் கழுத்திலும் யாரும் அழைக்காமல் வந்து நிற்கிற முடி. முடியை விட மெல்லிய ஊசியை ஒவ்வொரு வேர்க்காலிலும் இறக்கி, காலால் பெடலை மிதித்து, ஒரு நொடி மின்சாரம் கொடுப்பாள். வேர் பொசுங்கினால் அந்த முடி திரும்ப வராது. போர்டில் எலக்ட்ராலிசிஸ் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு முடிக்கு ஒரு குத்து, ஒரு தாடைக்கு ஒன்றரை வருஷம். இருபத்திரண்டு வருஷமாக அவள் இப்படித்தான் குனிந்து கிடக்கிறாள்.

குட்டி அவளுடைய நாத்தனார். முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவள் குட்டிதான். விளம்பரக் கம்பெனி வேலை போய், இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது.

அண்ணியின் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு. நல்ல தையல்காரி கிடைத்தால் பெண்கள் நாலு பேரிடம் சொல்வார்கள். நல்ல பல் டாக்டர் கிடைத்தால் பத்துப் பேரிடம் சொல்வார்கள். அண்ணியிடம் வந்து தாடை சுத்தமானவளோ, அண்ணியைத் தெருவில் பார்த்தால் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவாள். ஒரு தோல் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கும் முகவரிதான் இத்தனை வருஷமும் அவளுக்கு விளம்பரம். அந்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போனதும் நாற்காலி பாதி நாள் காலியாகக் கிடந்தது.

குட்டி வந்துதான் அதை மாற்றினாள். "வாயால கேக்க முடியாததைத்தான் அண்ணி எல்லாரும் போன்ல தட்டறாங்க" என்றாள் வந்த முதல் வாரமே. இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். வலிக்குமா, தழும்பு விழுமா, ஷேவ் பண்ணினால் அடர்த்தியாகுமா என்று ஊர் உலகத்துப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் கேள்விகளையே தலைப்பாகப் போட்டு, அண்ணியிடம் பதில் வாங்கி எழுதினாள். வாரத்துக்கு எட்டுப் பேர் வந்த இடத்தில் முப்பது பேர் வந்தார்கள்.

ஆனால் நட்சத்திரம் இல்லை. எதிர்ச்சாரியில் புதிதாக வந்த லேசர் கடைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நட்சத்திரம் போட்டுப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். அண்ணிக்கு நாலே நாலு. அதில் ஒன்று அவள் புருஷன் போட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், "படிக்கட்டு சுத்தமாக உள்ளது" என்று எழுதியிருந்தார். இப்படியே போனால் தேடுகிறவர்களின் கண்ணில் அண்ணி மூன்றாவது பக்கத்தில்தான் படுவாள், மூன்றாவது பக்கத்தில் இருப்பதும் கிணற்றுக்குள் இருப்பதும் ஒன்று என்று குட்டி கவலைப்பட்டாள். கவலைப்பட்டவள் சும்மா இருந்திருக்கலாம்.

அன்று புதன்கிழமை.

காலை ஒன்பது பத்துக்கு அண்ணி பூதக்கண்ணாடி விளக்கின் கீழே ஒரு கல்லூரிப் பெண்ணின் மேலுதட்டில் குனிந்திருந்தாள். வெளி அறையில் குட்டியின் போன் ஒரு முறை கிணுங்கியது. அப்புறம் இரண்டு முறை. அப்புறம் நிறுத்தவே இல்லை. அண்ணிக்கு வேலை நேரத்தில் சத்தம் ஆகாது, கை ஒரு நூல் பிசகினாலும் தோல் கன்றிவிடும். கல்லூரிப் பெண்ணை அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது குட்டி முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். அரை மணி நேரத்தில் பத்தொன்பது பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், புதிதாக ஆறு பேர் நேரம் கேட்டிருக்கிறார்கள் என்று போனை நீட்டினாள்.

"திடீர்னு எப்படிடி?" என்று கேட்டாள் அண்ணி.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல மெசேஜ் அனுப்பினேன் அண்ணி. திருப்தியா, நட்சத்திரம் கொடுங்கன்னு."

"எல்லாருக்கும்னா?"

"அட்டையில இருந்த எல்லாருக்கும்."

அண்ணி கையுறையைக் கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வலது மூலையைப் பார்த்து, சிலதை மட்டும் மேஜையில் பரப்பினாள். முப்பத்தொரு அட்டை. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் வைத்த ஒரு புள்ளி.

குட்டி அந்தப் புள்ளிகளைப் பார்த்திருந்தாள். சரிபார்த்ததற்கு அடையாளம் போல என்று நினைத்துத்தான் தாண்டிப் போயிருந்தாள்.

"புள்ளி இருந்தா கூப்பிடக் கூடாது" என்றாள் அண்ணி. "எழுதக் கூடாது. வழியில பார்த்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. அவங்களா வந்து அடுத்த தேதியை வாயால சொல்லிட்டுப் போவாங்க. அவ்வளவுதான்."

குட்டியின் முகத்தில் இருந்த பல்லெல்லாம் உள்ளே போனது. இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அண்ணிக்குத் தேவலை என்றிருக்கும்.

உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார்கள். அண்ணிக்கு எந்த எண் யாருடையது என்று மனப்பாடம். இது அவளுடைய சொந்த போன், பயமில்லை. இது ஆபீஸ் மேஜை போன், மெசேஜ் போயே இருக்காது. இது அம்மாவின் போன், அந்த அம்மாவுக்குத் தெரியும். இப்படிக் கழித்துக்கொண்டே போனதில் முப்பத்தொன்று பன்னிரண்டாகி, பன்னிரண்டு ஐந்தாகியது. ஒவ்வொரு அட்டையை ஒதுக்கும்போதும் குட்டி ஒரு பெருமூச்சு விட்டாள். போன் கிணுங்கும்போதெல்லாம் அதே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மெசேஜில் என்ன எழுதியிருந்தாய் என்று அண்ணி கேட்டாள். குட்டி படித்துக் காட்டினாள். முடி என்ற சொல்லே வராமல் கவனமாகத்தான் எழுதியிருந்தாள். அடுத்த சிகிச்சை எத்தனையாவது, எந்தக் கிழமை, எத்தனை மணி, இதுவரை பெற்ற சிகிச்சை திருப்தியா, நட்சத்திரம் தர இங்கே தொடவும். கீழே முகவரி. நாகரிகமான மெசேஜ் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

புள்ளி வைத்தவர்களிலும் ஒருத்தி நட்சத்திரம் போட்டிருந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் திருநங்கை. மீசையும் தாடியும் முழுதாகப் போக மூன்று வருஷமாக வருகிறவள். "என் முகத்தை எனக்குக் கொடுத்த இடம்" என்று தன் சொந்தப் பெயரைப் போட்டே எழுதியிருந்தாள். குட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். புள்ளி வைத்த எல்லோருமே ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இல்லை, பாருங்கள் என்றாள்.

"அவளா சொல்றது வேற குட்டி. நாம சொல்றது வேற."

அந்தப் பேச்சு முடிவதற்குள் துணிக்கடை முதலாளியம்மா கூப்பிட்டாள். மெசேஜ் கடையின் பொது போனுக்குப் போயிருக்கிறது. விற்பனைப் பெண்கள் தொடு என்ற இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். அண்ணியின் பக்கம் திறந்திருக்கிறது. "பதினோரு வருஷமா உங்க படியில ஏறினேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இன்னிக்கு என் கடைப் பொண்ணுங்க பன்னெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள். திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள். அண்ணி அந்த அட்டையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு, பிறகு பெட்டியில் போடாமல் தன் மேஜை டிராயரில் போட்டாள். பதினோரு வருஷ அட்டையின் இரண்டு பக்கமும் தேதிகளால் நிறைந்திருந்தது.

பதினொன்றரைக்கு அவர்கள் பயந்தது வந்தது. ஓர் எண்ணிலிருந்து பதில்.

"யார் நீங்கள். என்ன சிகிச்சை. 23 ஆ."

அண்ணி எண்ணைப் பார்த்ததும் அட்டையைத் தேடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணக்கு டீச்சர்.

டீச்சர் ஒன்று விட்ட ஒரு புதன்கிழமை நாலு மணிக்கு வருகிறவள். முதல் நாள் வந்தபோது தன் எண்ணைத் தர அவளுக்குப் பயம். போன் எந்நேரமும் ஆசிரியர் அறை மேஜையில் கிடக்கும், எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்த பழைய பட்டன் போனின் எண்ணை எழுதிக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து அந்த பட்டன் போனை அவள் கணவர் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். அவர் பெரிய கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டுகிறவர். அங்கே கேமரா போன் உள்ளே விடமாட்டார்கள். தப்பித் தவறிக்கூட அந்த எண்ணைக் கூப்பிட்டுவிடாதீர்கள் என்று டீச்சர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். அண்ணி அவள் கண் முன்னாலேயே பென்சிலை எடுத்துப் புள்ளி வைத்தாள்.

வீட்டில் டீச்சர் சொல்லி வைத்திருந்தது சிறப்பு வகுப்பு என்று. பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணியும் தன் தாடையில் முடி வளர்கிறது என்பதைப் புருஷனுக்குத் தெரியாமல் காத்து வந்தவள். அதுகூடப் பழக்கத்தில் சுலபமாகிவிட்டது, சிகிச்சைதான் கஷ்டம் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஊசிக்கு முன்னால் மூன்று நாள் முடியை வளர விட வேண்டும், அப்போதுதான் இடுக்கிக்குப் பிடி கிடைக்கும். அந்த மூன்று நாளும் அவள் தலையோடு தாடையைச் சேர்த்து ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளிப்பாள்.

குட்டி பதில் எழுதலாமா என்று கேட்டாள். தவறான எண், மன்னிக்கவும் என்று ஒரு வரி. அண்ணி வேண்டாம் என்றாள். முகவரியோடு, மணியோடு, இருபத்திமூன்று என்ற எண்ணோடு போன மெசேஜைத் தவறான எண் என்றால் குழந்தை கூட நம்பாது.

அப்போது போன் அடித்தது. அதே எண். ஏழு தடவை அடித்து நின்றது. மறுபடி அடித்தது. இரண்டு பேரும் மேஜையில் அதிர்ந்துகொண்டே நகரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு அடிக்கவில்லை. சத்தத்தை விட அது நின்றதுதான் பயமாக இருந்தது.

எப்படியாவது டீச்சருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவளுடைய சொந்த எண் இவர்களிடம் இல்லை. பள்ளிக்கூட ஆபீசுக்குக் கூப்பிட்டால் எங்கிருந்து என்று கேட்பார்கள். நான் போகிறேன் என்று குட்டி கிளம்பினாள். அண்ணி தடுக்கவில்லை. மதியத்துக்கு நேரம் கேட்டிருந்தவர்களுக்கு வேறு நாள் கொடுத்தாள். கவனம் சிதறிக் கிடக்கும்போது ஊசியைப் பிடிக்கக் கூடாது.

மெக்கானிக் மதியம் கூப்பிட்டார். எங்கோ பதினாலாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டிருந்தார். குட்டி போகிற வழியில் அழுதுகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் வழக்கம் போல விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார், சும்மா கிடந்த சங்கை உங்கள் இரண்டு பேரில் யார் ஊதியது என்று. அண்ணி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அஞ்சு மாசமா கூடவே இருக்கா. புள்ளின்னா என்னன்னு அவகிட்ட ஏன் சொல்லலை?"

மறந்துவிட்டேன் என்று அண்ணி சொன்னாள். அது பொய் என்று போனை வைத்த பிறகு அவளுக்கே தெரிந்தது. குட்டி வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவாள் என்று நினைத்திருந்தாள். போகிறவளிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். காலியாகக் கிடந்த நாற்காலியை நிரப்பியவளை வந்து போகிற விருந்தாளியாகவே வைத்திருந்தாள்.

குட்டி மூன்றேகாலுக்குத் திரும்பி வந்தாள். வியர்வையில் குளித்திருந்தாள். பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் டீச்சரின் தங்கை என்று சொல்லியிருக்கிறாள். டீச்சருக்குத் தங்கையே கிடையாதே என்று அவர் மேலும் கீழும் பார்த்திருக்கிறார். டீச்சர் காலையிலேயே வேறொரு பள்ளிக்கூடத்துக்கு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். திருத்தி முடிக்கும் வரை அங்கே எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்களாம்.

"இன்னொண்ணும் சொன்னார் அண்ணி" என்றாள் குட்டி. "காலையில டீச்சரோட வீட்டுக்காரர் போன் பண்ணி விசாரிச்சாராம். புதன்கிழமை சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் உண்டான்னு. இல்லைன்னு சொல்லிட்டாங்களாம்."

அண்ணி ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து அவளிடம் கொடுத்தாள். டீச்சர் வந்ததும் முதலில் உட்கார வைக்க வேண்டும், அப்புறம் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும், தான்தான் சொல்வாள், குட்டி வாயைத் திறக்க வேண்டாம் என்று முடிவானது. மணி மூன்று முப்பத்தைந்து.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இல்லை. கனமான பூட்ஸ்.

வந்தவர் மஞ்சள் நிற வேலைச் சட்டையில் இருந்தார். கையில் ஹெல்மெட். இரண்டு மாடி ஏறியதற்கு அந்த உடம்புக்கு அவ்வளவு மூச்சு வாங்கத் தேவையில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு, சாத்தத் தோன்றாமல், பட்டன் போனை நீட்டி இது இங்கேதானா என்று கேட்டார். பிறகு தன் மனைவியின் பெயரைச் சொன்னார்.

அண்ணி எழுந்து நின்றாள். "யார் வராங்க, எதுக்கு வராங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல சார். உங்ககிட்டயும் சொல்ல முடியாது. மன்னிச்சுக்கங்க."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. திறந்திருந்த உள் அறைக் கதவு வழியாக நாற்காலியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். மிஷினையும் அதிலிருந்து தொங்கும் ஒயர்களையும் தரையில் இருந்த பெடலையும் பார்த்தார். கிரேன்காரருக்கு ஒயரைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"கரண்ட் வைக்கிறீங்களா அவளுக்கு?"

அண்ணி போய் உள் அறைக் கதவைச் சாத்தினாள்.

அவர் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். ஒரு வருஷமாக அவள் முகத்தைத் தொட விடுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். மாதத்தில் ஆறேழு நாள் வீட்டுக்குள்ளேயே ஸ்கார்ஃப் கட்டிக்கொள்கிறாள். கேட்டால் தொண்டை என்கிறாள். டாக்டரிடம் போகலாம் என்றால் கோபம் வருகிறது. சில நாள் தாடை ஓரத்தில் சிவப்பாகத் தடித்திருக்கும், பார்த்துவிட்டால் விளக்கை அணைத்துவிடுவாள். வேறு ஆளோடு பழக்கமோ என்றுகூட ஒரு நாள் நினைத்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைத் தானே அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு இந்த மெசேஜைப் பார்த்தப்ப, ஆள் இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லன்னு தோணிச்சும்மா. இருபத்திமூணு தடவை. எந்த வியாதிக்கு இருபத்திமூணு தடவை கரண்ட் வைப்பாங்க? எங்க அக்காவும் இப்படித்தான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. ஆஸ்பத்திரியில கடைசி வாரம்தான் எங்களைக் கூப்பிட்டாங்க."

"இங்க வந்து யாரும் செத்ததில்ல சார்" என்றாள் அண்ணி. அவ்வளவு தூரம்தான் அவளால் வர முடிந்தது.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொல்றாங்க."

மணி மூன்று ஐம்பது. அண்ணிக்கு இப்போது ஒரே எண்ணம், டீச்சர் படியேறுவதற்குள் இவர் இறங்கிப் போய்விட வேண்டும். வீட்டுக்குப் போய் அவளையே கேளுங்கள், அவள் சொல்வாள், இங்கே வேண்டாம் என்று கெஞ்சினாள். நாலு மணிக்கு அவள் வருவாள் என்றுதானே போட்டிருக்கிறது, நான் இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார் அவர். டாக்டர் முன்னாலேயே கேட்டால்தான் அவள் மழுப்ப மாட்டாள் என்றார். அண்ணி தான் டாக்டர் இல்லை என்றாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. மத்தது எதுவும் வேணாம். எவ்வளவு நாள் கொடுத்திருக்காங்க அவளுக்கு?"

அவருடைய முழங்கால் இரண்டும் ஆடத் தொடங்கின. ஹெல்மெட் மடியில் தாளம் போட்டது. அதை நிறுத்த இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார், அப்போது கைகளும் சேர்ந்து ஆடின. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக உடைக்காத ஒன்றை உடைத்தால் இந்த மனுஷனுக்கு ஒரு நொடியில் உயிர் வரும். உடைத்தால் டீச்சருக்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

குட்டியால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, அவங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல. தாடையில முடி வளருது. அதை எடுக்கத்தான் வராங்க. சத்தியமா அவ்வளவுதான்."

அண்ணி அவள் கையைப் பிடித்தாள். பிடித்தபோது எல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

கிரேன்காரர் குட்டியைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி மறுக்கவில்லை என்பதையும் பார்த்தார்.

"முடியா?"

குட்டி தலையாட்டினாள்.

"வெறும் முடியா?"

முதலில் அவர் அழப் போகிறார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். தொண்டையிலிருந்து விக்கல் போல ஏதோ வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அது சிரிப்பு. காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தவனின் சிரிப்பு. ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. ஒரு முடிக்கா, ஒரு முடிக்காகவா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மஞ்சள் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தார், துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக் குட்டிக்கும் வந்துவிட்டது, அழுத முகத்தோடேயே சிரித்தாள். நாள் முழுக்க இறுகிக் கிடந்த அண்ணிக்கும் உதடு தளர்ந்து, அவளை அறியாமல் ஒரு சிரிப்பு வெளியே வந்தது.

மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணி தலையைத் திருப்பினாள்.

டீச்சர் திறந்த வாசலில் நின்றிருந்தாள். விடைத்தாள் வேலை சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். ஒரு தோளில் பை. தாடையைச் சுற்றி நீல ஸ்கார்ஃப், அதன் கீழே மூன்று நாள் முடி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பட்டன் போனோ, மெசேஜோ, அவருடைய அக்காவோ, ஆடிய முழங்காலோ எதுவும் அவளுக்குத் தெரியாது. தன் புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும், முடி என்று அவர் வாயிலிருந்து வந்த சொல்லும், கூடச் சேர்ந்து சிரிக்கிற இரண்டு பெண்களும்தான் அவள் கண்டதும் கேட்டதும்.

"பிஸியா இருக்கீங்க போல" என்றாள் டீச்சர், வகுப்பில் பேசுகிற அதே நிதானமான குரலில். "நான் அப்புறம் வரேன்."

அவள் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள். அண்ணி மேஜையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். கிரேன்காரர் அவளுக்கு முன்னால் படிக்கட்டின் தலைக்கு ஓடிப் போய், நில்லு, நில்லு என்று கூப்பிட வாயைத் திறந்தார். நிறுத்த வேண்டும் என்றுதான் பார்த்தார். அவரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.